வெண்ணெய் வென்ற ரொட்டி

ஷ்டோலன் என்பது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் கிறிஸ்துமஸை ஒட்டிச் சுடப்படும் இனிப்பு ரொட்டி. மாநிலத் தலைநகரான டிரெஸ்டனில் சுடப்படுவதற்கு மவுசு அதிகம். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த கோதுமை மாவுதான் இதன் அடிப்படை என்று சமையல் நூல்கள் சொல்கின்றன. அது மாவுக்குச் செய்யும் மரியாதை. டிரெஸ்டன் முறைப்படி 1 கிலோ மாவுக்குக் குறைந்தது 500 கிராம் வெண்ணெய், 650 கிராம் உலர்திராட்சை, பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்கள் 200 கிராம், பாதாம் 150 கிராம் சேர வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ. ஆக, சேர்மானம் மாவையே விஞ்சுகிறது. மற்றவை சிந்திவிடாமல் பிடித்துக்கொள்வதே மாவுக்கு விதிக்கப்பட்ட வேலை.

பார்வைக்கு இது நீள்வட்டமாக, ஒரு பக்கம் மடிந்து, முதுகு உயர்ந்து, மேலெல்லாம் சர்க்கரைத் தூள் பூசி இருக்கும். துணியில் சுற்றிக் கிடத்திய குழந்தை இயேசுவை இந்த வடிவம் குறிக்கிறது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் சொல்பவர்கள் அடுத்து கத்தியை எடுக்கும் கட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

டிரெஸ்டன் ஷ்டோலனைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1474-இல் கிடைக்கிறது. டிரெஸ்டனில் புனித பர்த்தலமேயு மருத்துவமனையின் கணக்கில், பண்டிகை பற்றிய பேச்சே இல்லாமல், ஒரு செலவினமாக அது இடம்பெற்றிருக்கிறது. அன்றைய ஷ்டோலன் நோன்புக்கால உணவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் கத்தோலிக்கத் திருச்சபை வெண்ணெயையும் பாலையும் விலக்கி வைத்திருந்தது. எனவே மாவு, தண்ணீர், ஈஸ்ட், எண்ணெய் இவற்றைக் கொண்டே ரொட்டி சுட்டார்கள். இத்தாலியில் இருந்தவர்களுக்கு இந்த விதி பெரிய இழப்பாக இருந்திருக்காது. அவர்கள் எண்ணெய் என்றால் அது ஆலிவ் எண்ணெய். சாக்சனியின் குளிரில் ஆலிவ் மரம் வளராது. அங்கே கிடைத்தது கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய். விளக்கு எரிக்கவும் அதையேதான் பயன்படுத்தினார்கள். நோன்பின் நோக்கம் நாவை அடக்குவது என்றால், இந்த ரொட்டி அதைக் கச்சிதமாக நிறைவேற்றியிருக்கும்.

சாக்சனியின் ஆட்சியாளர்கள் ரோமாபுரிக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். வெண்ணெய் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 1491-இல் போப் எட்டாம் இன்னொசென்ட் அனுமதி கொடுத்தார். வரலாற்றில் அதற்கு ‘வெண்ணெய்க் கடிதம்’ என்றே பெயர். இலவசமாகக் கொடுக்கவில்லை. வெண்ணெய் உண்போர் பரிகாரமாகக் காசு கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி ஃப்ரைபெர்க் நகரப் பேராலயக் கட்டுமானத்துக்குப் போனது. நாவுக்கு இடம் கொடுத்தவர்கள் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பணம் கொடுத்தார்கள். இது சாக்சனிக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று எண்ண வேண்டாம். பிரான்சில் ரூவான் பேராலயத்தின் கோபுரங்களில் ஒன்றுக்கு இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று பெயர். ஐரோப்பாவின் கட்டடக்கலை வளர்ச்சியில் பாலும் தயிரும் கடைந்தவர்களின் பங்கு கணிசமானது.

இந்த அனுமதி வியாபாரம் எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. முதலில் தடை விதித்துவிட்டு, பிறகு அந்தத் தடையிலிருந்து விலக்கை விலைக்கு விற்பதை மார்ட்டின் லூதர் 1520-இல் எழுதிய நூலொன்றில் சாடினார். சமயச் சீர்திருத்தம் வந்ததற்குப் பெரிய காரணங்கள் பல உண்டு. ஆனால் பட்டியலின் ஓரத்தில் வெண்ணெயும் இருக்கிறது. 1539-இல் டிரெஸ்டனை உள்ளடக்கிய சாக்சனிப் பகுதி புராட்டஸ்டன்ட் நெறிக்கு மாறியது. அதன் பிறகு ரொட்டிக்கு வெண்ணெய் போட ரோமாபுரியைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாலாடையைக் கடைய ஒரு மத்து போதுமானதாக இருந்தது. திராட்சை, பாதாம், பழத்தோல் என்று ஒவ்வொன்றாக உள்ளே வரத் தொடங்கின.

சமயத்தின் பிடி தளர்ந்ததும் அரசவையின் பிடி தொடங்கியது. 1560 முதல் டிரெஸ்டன் ரொட்டிக்காரர்கள் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஆட்சியாளருக்கு ஷ்டோலன் காணிக்கை செலுத்தும் வழக்கம் இருந்தது. ஒரு ஷ்டோலன் ஒன்றரை மீட்டர் நீளம், எடை 36 பவுண்டு. எட்டு மூத்த ரொட்டிக்காரர்களும் எட்டு உதவியாளர்களும் அதை ஊர்வலமாக அரண்மனைக்குச் சுமந்து போனார்கள். 36 பவுண்டைப் பதினாறு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு இரண்டேகால் பவுண்டு வரும். கை வலிக்காத காணிக்கை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

அளவு விஷயத்தில் யாரும் மிஞ்ச முடியாத வேலையை 1730-இல் ‘பலசாலி’ அகஸ்டஸ் செய்தார். சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்தின் மன்னருமான அவர், த்சைத்தைன் என்ற ஊருக்கு அருகே பிரம்மாண்டமான படை அணிவகுப்பு ஒன்றை நடத்தினார். பிரஷ்ய மன்னர் விருந்தினராக வந்திருந்தார். தம் படையையும் செல்வத்தையும் காட்டியும் மனம் நிறையாத அகஸ்டஸ், ரொட்டியையும் காட்டினார். த்சகாரியாஸ் என்ற ரொட்டிக்காரரின் தலைமையில் சுமார் 1.8 டன் எடையில் ஒரு ஷ்டோலன் தயாரானது. அதைச் சுடுவதற்கென்றே ஓர் அடுப்பைக் கட்டியவர் பொப்பல்மான்; டிரெஸ்டனின் புகழ்பெற்ற த்ஸ்விங்கர் மாளிகையை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். ரொட்டியை எட்டுக் குதிரைகள் இழுத்து வந்தன. வெட்டுவதற்கு 1.6 மீட்டர் நீளத்தில் தனியாக ஒரு கத்தி செய்யப்பட்டது. கிறிஸ்துமஸ் ரொட்டியாயிற்றே, எந்த மாதம் என்று கேட்கலாம். ஜூன். மன்னர் சுடச் சொன்னால் நாட்காட்டி ஒதுங்கி நிற்கும்.

சாதாரண மக்கள் வீட்டில் இதைச் சுடவில்லை. பெரும்பாலான வீடுகளில் அதற்கேற்ற அடுப்பே கிடையாது. சேர்மானங்களை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தெருமுனை ரொட்டிக் கடைக்குப் போவார்கள். கடைக்காரர் பிசைந்து சுட்டுத் தருவார். ஒரே அடுப்பில் பல குடும்பங்களின் ஷ்டோலன்கள் அருகருகே வேகும். எது யாருடையது என்ற குழப்பம் வராதிருக்க, குடும்பப் பெயர் பொறித்த தகரத் துண்டுகளை மாவில் குத்தி வைத்தார்கள். தகரம் போட்டதில் நியாயம் உண்டு. திராட்சையை அள்ளிப் போட்டவர் வீட்டுக்குக் கிள்ளிப் போட்டவரின் ரொட்டி போய்ச் சேர்ந்தால், கிறிஸ்துமஸ் சமாதானம் அந்தத் தெருவில் நிலைக்காது.

கிழக்கு ஜெர்மனியின் காலத்தில் ஷ்டோலனுக்கு வேறொரு சோதனை வந்தது. டிரெஸ்டன் அந்த நாட்டுக்குள் இருந்தது. திராட்சையும் பாதாமும் எலுமிச்சையும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வாங்க அந்நியச் செலாவணி இல்லை. சோஷலிச அறிவியல் மாற்று வழி கண்டது. பாகில் ஊறிய எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாகப் பச்சைத் தக்காளியையும், ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாகக் கேரட்டையும் பாகில் ஊறவைத்துத் தயாரித்தார்கள். அவற்றின் சுவையைப் பற்றி அக்காலத்தவர் நினைவு கூரும்போது பாராட்டு அதிகம் வெளிப்படுவதில்லை. மேற்கு ஜெர்மனியில் உறவினர் உள்ளவர்கள் தப்பித்தார்கள். அங்கிருந்து திராட்சை, பாதாம், பழத்தோல் பொட்டலங்கள் வரும். இங்கிருந்து அவை ரொட்டியாகச் சுடப்பட்டுத் திரும்பிப் போகும். எல்லையில் முள்வேலி இருந்த காலத்திலும் திராட்சை இரு முறை எல்லை கடந்தது.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு, ஷ்டோலனைக் காக்கும் பொறுப்பை ரொட்டிக்காரர்களின் சங்கம் ஒன்று ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் டிரெஸ்டன் ஷ்டோலனுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. டிரெஸ்டனிலும் அதைச் சுற்றியுள்ள வரையறுத்த சில ஊர்களிலும் சுட்டால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். மார்ஜரின் கூடாது, செயற்கை மணமும் பதப்படுத்தியும் கூடாது. உண்மையானதன் மேல் பொன்னிற முத்திரை ஒட்டியிருக்கும். அதில் குதிரை மேல் அமர்ந்திருப்பவர் அதே அகஸ்டஸ். ஆண்டுதோறும் ஒரு நடுவர் குழு ஒவ்வொரு கடையின் ஷ்டோலனையும் பார்த்து, முகர்ந்து, தின்று சான்றளிக்கிறது. உலகில் வருத்தமில்லாமல் செய்யப்படும் அரிய ஆய்வுப் பணிகளில் இது ஒன்று. ஜெர்மனியின் மற்ற பகுதிகளில் செய்வதற்கும் உணவு விதி உண்டு: 100 கிலோ மாவுக்கு 30 கிலோ வெண்ணெயோ அதற்கு ஈடான கொழுப்போ இருந்தால் ஷ்டோலன், 40 கிலோ வெண்ணெய் போட்டால் ‘வெண்ணெய் ஷ்டோலன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். டிரெஸ்டன் 50-இல் நிற்கிறது. போப்பிடம் கெஞ்சி வாங்கிய பொருளை இப்போது குறைத்தால் குற்றம்.

செய்முறை முந்தைய நாள் இரவே தொடங்குகிறது. உலர்திராட்சையை ரம்மில் ஊறவைக்க வேண்டும். காய்ந்தபடியே மாவில் போட்டால், திராட்சை மாவின் ஈரத்தை உறிஞ்சித் தான் கொழுத்து ரொட்டியை வறட்டிவிடும். ரம்மில் ஊறியது மறுநாள் எதையும் கேட்காது. பாதாமை வெந்நீரில் போட்டுத் தோல் உரித்து நறுக்கிக்கொள்ள வேண்டும். எலுமிச்சைத் தோல் என்று மேலே சொன்னது நம்மூர் நார்த்தங்காயின் இனத்தைச் சேர்ந்த, தடித்த தோலுடைய சிட்ரான் பழத்திலிருந்து வருவது. வாசனைக்கு ஏலக்காய், ஜாதிபத்திரி, வனிலா, துருவிய எலுமிச்சைத் தோல். எதை எவ்வளவு போடுவது என்பது ஒவ்வொரு ரொட்டிக் குடும்பத்தின் ரகசியம். வெண்ணெயின் அளவைச் சட்டம் சொல்லும். ஏலக்காயின் அளவைப் பாட்டி மட்டுமே சொல்ல முடியும்.

வெண்ணெய்க்கு எதிராகத் திருச்சபை எழுப்பிய ஆட்சேபம் 1491-இல் தீர்ந்தது. ஈஸ்ட் எழுப்பும் ஆட்சேபம் இன்றுவரை தீரவில்லை. ஈஸ்ட் உயிருள்ள பூஞ்சை; மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும்; அந்த வாயுவே மாவை உப்பவைக்கும். கொஞ்சம் சர்க்கரை என்றால் அதற்குக் கொண்டாட்டம். சர்க்கரை அளவுக்கு மீறினால், ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரே வெளியே இழுக்கப்பட்டு அது சோர்ந்துவிடும். வெண்ணெயின் குற்றம் வேறு: மாவிலுள்ள புரதங்கள் நீருடன் கூடிக் குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாக மாறினால்தான் வாயுவைப் பிடித்துவைக்க முடியும், வெண்ணெய் அந்தப் புரதங்களின் மேல் பூசிக்கொண்டு அவற்றைச் சேரவிடாது. ஆக, வாயுவை உண்டாக்குபவனைச் சர்க்கரை மயக்குகிறது. வாயுவைப் பிடிப்பவனை வெண்ணெய் வழுக்கிவிடுகிறது.

இதற்கு ரொட்டிக்காரர்கள் கண்ட வழி, ஈஸ்ட்டுக்கு முன்கூட்டியே விருந்து வைப்பது. மாவில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, வெதுவெதுப்பான பாலும் ஈஸ்ட்டும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்துக் கரைத்து, அரை மணி நேரம் மூடிவைப்பார்கள். பால் கொதித்தால் ஈஸ்ட் செத்துவிடும். விரலை வைத்தால் சுடாத பக்குவம் போதும். இந்த முன்மாவு நுரைத்துப் பொங்கிய பிறகே மீதி மாவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைவார்கள். மாவு ஓரளவு திரண்டு வந்ததும் வெண்ணெயைச் சிறுசிறு துண்டுகளாக உள்ளே நுழைக்க வேண்டும். வெண்ணெய் இளகியிருக்கலாம், உருகியிருக்கக் கூடாது. பிசையும் பாதியில் மாவு மொத்தமும் குழைந்து கையில் அப்பிக்கொள்ளும் ஒரு கட்டம் வரும். புதிதாகச் செய்பவர் அங்கேதான் மனம் தளர்ந்து இன்னும் மாவைக் கொட்டுவார். கொட்டினால் கடைசியில் கிடைப்பது செங்கல். பொறுமையாகப் பிசைந்தால் மாவு வழிக்கு வந்துவிடும்.

பிறகு அதை மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். பாத்திரத்தை நிரப்பி விடியற்காலையில் தளும்பி நிற்கும் இட்லி மாவைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஷ்டோலன் மாவு பொங்காது; மெல்ல அசைந்து கொடுக்கும். மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதால் அது விரைவதில்லை, ஆனால் அனைவரும் பார்க்கிறார்கள். கொஞ்சம் உப்பியதும் திராட்சை, பாதாம், பழத்தோலைச் சேர்க்க வேண்டும். அவற்றைக் கடைசியில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: முதலிலேயே போட்டுப் பிசைந்தால் திராட்சை நசுங்கி, மாவு சாம்பல் நிறமாகிவிடும். ஒரு கிலோ மாவுக்குள் ஒரு கிலோ பழமும் பருப்பும் புகவேண்டும் என்பதால் மாவு எதிர்ப்புத் தெரிவிக்கும். இடப்பக்கம் உள்ளே தள்ளிய திராட்சை வலப்பக்கம் வெளியே வந்து விழும். அதைப் பொறுக்கித் திரும்பப் போடுவதே முறை. சமையலறையில் சிறுவர்கள் இருந்தால் இந்த வேலை தானாகவே குறைந்துவிடும்.

மாவை நீள்வட்டமாகத் தட்டி, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் முக்கால்வாசி மடித்தால் வடிவம் வந்துவிடும். மேல்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் திராட்சைகளைப் பிய்த்தெடுக்க வேண்டும். சூட்டில் அவை கருகிக் கசக்கும். மீண்டும் சிறிது நேரம் ஓய்வு கொடுத்து, சுமார் 180 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். இத்தனை வெண்ணெய் உள்ள மாவு சூட்டில் மேலே எழுவதைவிடப் பக்கவாட்டில் படர்வதையே விரும்பும். கவனிக்காவிட்டால் தட்டு நிறைய ஒரு பெரிய பிஸ்கட் கிடைக்கும். அதைத் தடுக்க மடித்த தாளால் சுற்றிலும் வேலி கட்டுபவர்கள் உண்டு. அடிப்பக்கம் தீயாமலிருக்கத் தட்டின் கீழ் இன்னொரு தட்டு வைப்பார்கள். அடுப்பிலிருந்து எடுக்கும்போது ஷ்டோலன் உடைந்தால் வரும் ஆண்டு நன்றாக இருக்காது என்பது சாக்சனி நாட்டுப்புற நம்பிக்கை. இரண்டு கையாலும் ஏந்தி எடுக்கவேண்டும் என்பதை வீட்டாருக்கு நினைவூட்ட இதைவிட நல்ல வழி கிடையாது.

உள்ளே அரைக் கிலோ வெண்ணெய் போனது போதும் என்று யாராவது நினைத்தால், அவர் இன்னும் டிரெஸ்டனைப் புரிந்துகொள்ளவில்லை. சூடாக இருக்கும்போதே உருக்கிய வெண்ணெயை மேலெல்லாம் தாராளமாகப் பூச வேண்டும். ஊறியதும் இன்னொரு முறை பூச வேண்டும். அதன் மேல் படிகச் சர்க்கரை. ரொட்டி ஆறிய பிறகே சர்க்கரைத் தூள். வரிசை மாறினால், தூள் சூட்டில் கரைந்து பசையாகிவிடும். இந்தப் பூச்சு அலங்காரம் மட்டும் இல்லை. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த படலம் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளிக்காற்றை உள்ளே விடாமலும் காக்கிறது.

இனி வருவது செய்முறையிலேயே கடினமான பகுதி: ஒன்றும் செய்யாமல் இருப்பது. சுட்ட ஷ்டோலனைத் தாளில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். இதற்குள் திராட்சையின் ஈரமும் ரம்மும் ரொட்டிக்குள் பரவும். ஏலக்காய், ஜாதிபத்திரியின் வாசனை எண்ணெய்கள் வெண்ணெயில் கரைந்து எல்லா இடமும் சென்று சேரும். சாதாரண ரொட்டி இரண்டு நாளில் விறைத்துவிடுவதற்குக் காரணம், அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகுவது. இங்கே கொழுப்பும் சர்க்கரையும் அதைத் தாமதப்படுத்துகின்றன. சர்க்கரை நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கிடைக்காது. ஆகவே ஒழுங்காகச் செய்த ஷ்டோலன் கெட்டுப்போவது அபூர்வம். காணாமல் போவதுதான் வழக்கம். டிசம்பரில் தின்ன வேண்டியதை நவம்பரிலேயே சுட்டுவிட வேண்டும் என்பதால், இந்த ரொட்டி ஒரு குடும்பத்தின் மன உறுதியை ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்கிறது.

பொறுமை இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வெண்ணெயின் ஒரு பகுதிக்குப் பதில் ‘குவார்க்’ என்ற பாலாடைத் திரளைச் சேர்த்துச் செய்யும் ஷ்டோலன் சுட்ட சில நாட்களிலேயே தின்னத் தயார். பலர் அதில் ஈஸ்ட்டுக்குப் பதில் பேக்கிங் பவுடரைப் போடுவார்கள். கசகசா நிறைத்த வகையும், நடுவில் மார்ஸிபன் என்ற பாதாம் பசையை உருட்டி வைத்த வகையும் உண்டு. டிரெஸ்டன்வாசிகள் இவற்றையும் மறுக்காமல் தின்பார்கள். முத்திரை மட்டும் தரமாட்டார்கள்.

1994 முதல் டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஒரு சனிக்கிழமை, டிரெஸ்டனில் ஷ்டோலன் திருவிழா நடக்கிறது. 1730-ஆம் ஆண்டை நினைவூட்டும் விதமாகப் பல டன் எடையுள்ள ஒரு ஷ்டோலன் குதிரை வண்டியில் ஊர்வலம் வரும். அகஸ்டஸின் கத்தியை மாதிரியாகக் கொண்ட நீண்ட கத்தியால் அதை வெட்டித் துண்டு துண்டாக விற்பார்கள். பணம் அறப்பணிக்குப் போகும். ஊர்வலம் முடியும் இடம் நகரின் கிறிஸ்துமஸ் சந்தை. 1434-இல் தொடங்கிய அந்தச் சந்தைக்கு ஷ்டோலனின் பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்த ரொட்டிக்கு ஊர் கொடுக்கும் இடம் அப்படி.

வீட்டில் வெட்டுவதற்கும் முறை உண்டு. நுனியிலிருந்து தொடங்கக் கூடாது. நடுவில் வெட்டி, அங்கிருந்து விரல் கனத்தில் துண்டுகள் எடுத்து, மிஞ்சிய இரு பாதிகளையும் வெட்டுவாய் ஒன்றையொன்று தொடும்படி சேர்த்து வைக்க வேண்டும். அப்போது உட்பகுதி காயாது. எவ்வளவு தின்றார்கள் என்பதை ரொட்டியின் நீளம் உடனே காட்டிக்கொடுக்காது என்பது இதன் கூடுதல் வசதி. காப்பியுடன் ஒரு துண்டு போதும் என்று சொல்வார்கள். இரண்டாவது துண்டு கணக்கில் வராது. கவனமாக வைத்திருந்தால் ஈஸ்டர் வரைகூடத் தாங்கும். அதற்குள் கடைசித் துண்டு காய்ந்துவிட்டால் எறிவதில்லை. லேசாக வாட்டி, மேலே இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவித் தின்றுவிடுவார்கள்.